சோசம்மா ஐப்

சோசம்மா ஐப் கேரளத்தைச் சேர்ந்த கால்நடை இனவிருத்தி அறிவியலாளர். மண்ணுத்தியில் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். ஏறக்குறைய அற்றுப்போயிருந்த வெச்சூர் மாட்டினத்தை மீட்டவர். 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வேம்பநாட்டுக் காயலோரம், வைக்கத்துக்கு அருகிலுள்ள ஊர் வெச்சூர். அவ்வூர்ப் பசு ஏறத்தாழ 90 செ.மீ. உயரமே இருக்கும், கன்று என்றே புதியவர்கள் நினைப்பார்கள். சிறிய கொம்பு, தரையைத் தொடுமளவு நீண்ட வால். கொஞ்சம் புல்லும் வைக்கோலும் தின்று நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் பால் தரும்.

1961ஆம் ஆண்டின் கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பின் நாட்டுக் காளைகள் காயடிக்கப்பட்டன. ஜெர்சி, பிரவுன் சுவிஸ் கலப்பு ஊரெங்கும் பரவியது. பால் பெருகியது உண்மை. ஆனால் காளை இல்லாமல் இனம் ஏது? கலப்பினமே முன்னேற்றம் என்றிருந்த காலத்தில், அதே துறையில் இருந்துகொண்டு இக்கேள்வியைச் செயலில் எழுப்பியதே சோசம்மாவின் பெருமை.

1989இல் அவரும் மாணவர்களும் வைக்கம் வட்டாரத்தில் வீடு வீடாகத் தேடி, எஞ்சியிருந்த சில மாடுகளை மண்ணுத்திக்குக் கொண்டுவந்தனர். கடினமான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. சிறு மந்தையில் நெருங்கிய உறவுக்குள் இணை சேர்ந்தால் கன்றுகள் நலிந்துபோகும். எனவே ஒவ்வொரு கன்றின் தாய் தந்தையையும் பதிந்து, பொருத்தம் பார்த்துக் காளை சேர்க்க வேண்டும். காளைகளின் விந்தை உறைநிலையில் சேமிப்பதும் இப்பணியில் அடங்கும். 1998இல் வெச்சூர் பாதுகாப்பு அறக்கட்டளை உருவானது. இன்று வெச்சூர், இந்தியாவின் பதிவு பெற்ற மாட்டினங்களுள் ஒன்று. 2014இல் உலகின் மிகக் குட்டையான பசுவாகக் கின்னஸில் இடம்பெற்ற 61.1 செ.மீ. உயர மாணிக்கியம் இவ்வினமே.

மலேசியத் தமிழருக்கும் இவ்வரலாறு அந்நியமல்ல. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழித்தோன்றல்களைத்தான் இங்கே 'லோக்கல் இந்தியன் டைரி' என்கிறார்கள். பிற்பாடு பிரீசியன், சாகிவால் கலப்பில் 'மாஃப்ரிவால்' உருவாக்கப்பட்டது. சுங்கை பஞ்சாங், கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பழைய நாட்டு மாடு வைத்திருப்போர், அவற்றின் வம்சத்தை இப்போதே எழுதி வையுங்கள். காளைக்கன்றுகளை எல்லாம் விற்றுவிடாதீர்கள்.