புதிய அறிவிப்பு வந்ததும் மெசேஜ் அனுப்பும் சேவை: நீங்களே உருவாக்குவது எப்படி?

வேலைவாய்ப்பு அறிவிப்பு ஒன்று வெளியாகிறது. விண்ணப்பிக்க இரண்டு வாரம்தான் அவகாசம். தினமும் அந்த இணையதளத்தைத் திறந்து பார்க்க உங்களுக்கு நேரமில்லை. 'புதுசா ஏதாவது வந்தா போனுக்கு மெசேஜ் வந்தா போதும்' என்று நினைப்பீர்கள். பைத்தான் ஓரளவு தெரிந்தால், இதை நீங்களே செய்துவிடலாம். மெசேஜ் அனுப்புவது சுலபம். அதை நம்பி நிம்மதியாக இருக்கும்படி செய்வதுதான் கஷ்டம்.

புதுசு வந்தது எப்படித் தெரியும்?

முதலில் அந்தத் தளத்தில் ஆர்.எஸ்.எஸ் ஃபீட் இருக்கிறதா என்று பாருங்கள். (அமைப்பு அல்ல, தொழில்நுட்பம்!) 1999-ல் நெட்ஸ்கேப் அறிமுகப்படுத்தியது இது. சமீபத்திய பதிவுகளின் தலைப்பு, லிங்க், தேதி போன்றவற்றைக் கணினி படிக்கும் வடிவில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். ரிசர்வ் வங்கியின் செய்திக்குறிப்புகளுக்கு இப்படி ஃபீட் உண்டு.

ஃபீட் இல்லையென்றால், பக்கத்தையே படித்து அதிலிருக்கும் பட்டியலைப் பிரித்தெடுக்க வேண்டும். இதுதான் ஸ்கிரேப்பிங். தளத்தின் வடிவமைப்பு மாறினால் உங்கள் புரோகிராம் படுத்துவிடும்.

ஒரே செய்தி திரும்பத் திரும்ப வராதா?

வரும், நீங்கள் தடுக்காவிட்டால். ஃபீடில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் இருக்கும். இல்லையென்றால் லிங்க்கை எடுத்துக்கொள்ளலாம். அனுப்பியவற்றை ஒரு டேட்டாபேஸில் குறித்து வையுங்கள். தலைப்பை நம்பாதீர்கள், எழுத்துப்பிழையைத் திருத்தினாலே 'புதுப் பதிவு' ஆகிவிடும். தேதியையும் நம்பாதீர்கள், பழைய தேதியிட்டு இன்று ஏற்றப்படும் அறிவிப்புகளும் உண்டு.

மெசேஜ் போய்ச் சேர்ந்த பிறகே 'அனுப்பியாச்சு' என்று குறியுங்கள். இடையில் கோளாறு வந்தால், அதே செய்தி இரண்டு முறை போகலாம். பரவாயில்லை. ஒரு முறைகூடப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது?

விண்ணப்ப அறிவிப்புகளுக்கு 30 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே தாராளம். நொடிக்கு நொடி கதவைத் தட்டினால், அந்தத் தளம் உங்களை பிளாக் செய்துவிடும். 'போன தடவைக்குப் பிறகு மாற்றம் உண்டா?' என்று மட்டும் கேட்கும் வசதி இருக்கிறது. மாற்றம் இல்லையென்றால் சர்வர் '304' என்று சுருக்கமாகப் பதில் சொல்லும். இரு தரப்புக்கும் டேட்டா மிச்சம்.

எதில் அனுப்புவது?

உங்களுக்கும் நண்பர்களுக்கும் மட்டும் என்றால் டெலிகிராம் பாட் போதும், கட்டணமில்லை. எஸ்.எம்.எஸ் அப்படியல்ல. டிராயின் 2018 விதிமுறைகளின்படி, அனுப்பும் நிறுவனமும் மெசேஜின் மாதிரி வாசகமும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட வேண்டும். மற்றவர்களின் போன் எண்ணை வாங்கினால், ஒப்புதல் கேளுங்கள்; விலகும் வழியையும் வையுங்கள்.

மெசேஜ் வரவில்லை என்றால்?

இதுதான் முக்கியமான கேள்வி. ஒரு அரசு அலுவலகத் தளத்துக்கு நான் எழுதிய ஸ்கிரேப்பர் 11 நாட்கள் அமைதியாக இருந்தது. 'அறிவிப்பு எதுவும் வரலை போல' என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். உண்மையில் அவர்கள் பக்கத்தை மாற்றியிருந்தார்கள். என் புரோகிராம் வெற்றுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தது.

அதனால் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சேருங்கள். பட்டியல் காலியாக வந்தால், அதைப் பிழையாகக் கருதி எச்சரிக்கை அனுப்ப வேண்டும். தினமும் காலையில் 'பார்த்தேன், புதுசா எதுவும் இல்லை' என்று ஒரு வரி வர வேண்டும். அந்த வரி வராத நாளில், தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். இன்னொருவரின் கடைசித் தேதியும் உங்கள் சேவையை நம்பி இருக்கலாம்.