கட்சுரா உரி: ஊறுகாய்க் காயின் மணமும் புற்றுநோய் ஆய்வும்

கட்சுரா உரி என்பது ஜப்பானின் கியோட்டோ நகருக்கு மேற்கே, கட்சுரா ஆற்றங்கரையில் வழிவழியாகப் பயிரிடப்பட்டு வந்த முலாம்பழ வகை ஆகும். 'உரி' என்னும் ஜப்பானியச் சொல் வெள்ளரி, முலாம் போன்றவற்றின் பொதுப்பெயர். தோலை உரிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தாவரவியலில் இது குக்குமிஸ் மெலோ இனத்தைச் சேர்ந்தது. நம் ஊரில் பழுத்ததும் வெடிக்கும் வெள்ளரிப்பழமும் இதே இனமே.

கட்சுராவின் உரித் தோட்டங்கள் பழம்பெயர் பெற்றவை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இளவரசர் தோஷிஹிதோ இங்கு ஓய்வில்லம் அமைத்தார். இன்று உலகமே வியக்கும் கட்சுரா அரண்மனை அதுதான். அக்காலக் கடிதம் ஒன்றில் அது உரித் தோட்டத்து எளிய தேநீர்க் குடில் என்றே குறிக்கப்பட்டுள்ளது.

இப்பயிர் பெரும்பாலும் ஊறுகாய்க்கே பயன்பட்டது. முதிர்ந்தும் பழுக்காத காயை இரண்டாகப் பிளந்து, விதை நீக்கி, உப்பிட்டு, அரிசி மதுவை வடித்தபின் எஞ்சும் கசடில் பலமுறை மாற்றி ஊறவைப்பர். இதன் பெயர் நாராசுக்கே. நாரா நகரில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டு மரச்சீட்டுகளிலேயே மதுக்கசடில் ஊறிய உரி குறிக்கப்பட்டுள்ளது. ஊறுகாய்க்குக் காய் போதும் என்பதால், பழுத்தபின் அதற்கு என்ன நேர்கிறது என்பதை ஆய்வுலகம் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. ஊறுகாய் உண்போர் குறையவே சாகுபடியும் சுருங்கியது. ஒருசில உழவர்களின் கையில்தான் விதை எஞ்சியது.

பழுத்த கட்சுரா உரியில் இனிப்பு குறைவு, மணமோ மிகுதி. முலாம்பழத்தின் மணம் ஒரே பொருளால் ஆனதன்று. பழவாசனை தரும் எஸ்டர்கள், வெள்ளரி வாசனை தரும் ஒன்பது கார்பன் ஆல்டிகைடுகள், கந்தகம் கொண்ட எஸ்டர்கள் ஆகியவை கலந்தது. 2008இல் கியோட்டோ ஆய்வாளர்கள் இப்பழத்திலிருந்து எத்தில் 3-மெத்தில்தயோபுரோப்பியோனேட் என்னும் கந்தக எஸ்டரைப் பிரித்தனர். ஆய்வகத்தில் வளர்த்த மனிதப் பெருங்குடல் புற்றுநோய் உயிரணுக்களில் அது 'வேறுபாடடைதலை' ஊக்குவித்தது. முதிராமல் பெருகிக்கொண்டே போகும் உயிரணு, இயல்பான குடல் உயிரணுவின் சாயலுக்குத் திரும்புவதையே இச்சொல் குறிக்கிறது. உயிரணுவைக் கொல்வது வேறு, இது வேறு.

'முலாம்பழம் புற்றுநோயைக் குணமாக்கும்' என்று இதைப் படிப்பது பெரும் பிழை. சோதனை நடந்தது கண்ணாடித் தட்டில், நோயாளியிடம் அன்று. உண்ட எஸ்டர் செரிமானத்தில் சிதையக்கூடும். சிகிச்சையைக் கைவிட்டுப் பழத்தை நம்புவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

இம்மணப்பொருள்கள் பழம் பழுக்கும்போதே பெருகுகின்றன. பழுத்தலைத் தூண்டும் எத்திலீனை அடக்கினால் மணமும் குறைகிறது. 1990களில் பிரான்சில் மரபணு மாற்றத்தால் எத்திலீன் குறைக்கப்பட்ட ஷாரன்தே முலாம்பழம் நெடுநாள் கெடாமல் இருந்தது, ஆனால் மணப்பொருள்கள் வெகுவாகக் குறைந்துபோயின.