அரைப்புள்ளிக்கு முந்தைய பெயர்

இங்கிலாந்தின் கோல்கீப்பர் பீட்டர் ஷில்டன் லீக் போட்டிகளில் 1005 ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் ஆயிரமாவது 1996 டிசம்பர் 22 அன்று, லேட்டன் ஓரியன்ட் அணிக்காக, பிரைட்டனை எதிர்த்து. நாட்டுக்காக 125 ஆட்டங்கள். கீழப்பழுவூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே கைப்பேசியில் இதை எடுத்துவிடலாம். சிமென்ட் லாரி ஒன்று கடந்து போகும் நேரம்கூட ஆகாது. இன்னொரு பீட்டர் இருந்தார். பீட்டர் தங்கராஜ். மெல்போர்ன், ரோம் என இரண்டு ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் கோல்கீப்பர். அவர் மொத்தம் எத்தனை ஆட்டங்கள் ஆடினார்? நான் புரட்டிய எந்த நூலிலும் அப்படி ஓர் எண் இல்லை.

எங்கள் ஊர்ப் பையன்கள் மாலையில் பந்து உதைக்கும்போது கோலில் நிற்பவன் ஒருவன் கேட்ட கேள்வி அது. நான் கல்வெட்டுக்காரன். ஆலந்துறையார் கோயில் சுவரில் பழுவேட்டரையர் காலத்து எழுத்துகளைப் படித்துக்கொண்டிருப்பவன். கால்பந்து எனக்குத் தொழில் இல்லை. ஆனாலும் எண் இல்லாத இடத்தைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை.

முதல் முடிச்சு, ஊர். 'தங்கராஜ்னா நம்ம ஆளுதானே சார்?' என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். பெயரை வைத்து ஊர் சொல்வது என் துறையில் பெரிய பாவம். பதிவுகள் சொல்வது இது: 1935 டிசம்பர் 24, ஹைதராபாத்தில் பிறப்பு. செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் என்ற சிறு அணிகளில் ஆட்டம். 1953இல் ராணுவம், நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் மையம். அங்கே சேர்ந்தபோது அவர் கோல்கீப்பரே இல்லை, சென்டர் பார்வர்டு. கோல் போட வந்தவரைக் கோல் தடுக்க நிறுத்தினார்கள். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் அந்த முடிவுக்குப் பெரிய விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ஆக, தமிழ்நாட்டுக்கு அவர்மேல் உள்ள உரிமை வெலிங்டன் வழியாக வருவது. எனக்கு அது போதும்.

அடுத்தது டூரண்ட் கோப்பை. டெல்லியில் நடந்த அந்தப் போட்டியை மதராஸ் ரெஜிமென்ட் மையம் இரண்டு முறை வென்றிருக்கிறது, 1955இலும் 1958இலும். முன்னும் பின்னும் பட்டியலைப் பாருங்கள்: 1954 ஹைதராபாத் சிட்டி போலீஸ், 1956 ஈஸ்ட் பெங்கால், 1957 மறுபடி ஹைதராபாத், 1959 மோகன் பகான். பெரிய பெயர்களுக்கு நடுவே ஊட்டி மலையிலிருந்து இறங்கிப் போன ஒரு சிப்பாய் அணி. அந்த இரண்டு வெற்றியிலும் கோலில் தங்கராஜ்.

இதை எப்படித் தேடிப் பிடிப்பது? பழைய நாளிதழ்களின் மைக்ரோபிலிம் சுருள்களைச் சென்னையில் உட்கார்ந்து சுற்றியபோதுதான் ஒரு வழி புலப்பட்டது. ஆட்ட வர்ணனையில் கோல்கீப்பரைத் தேடக்கூடாது. அங்கே கோல் போட்டவர்களின் ராஜ்ஜியம். யார் கடத்தினார், யார் தலையால் முட்டினார், எந்த நிமிடம் என்று எல்லாம் இருக்கும். தடுத்தவர் பெயர் தோற்ற நாளில் மட்டும் தென்படும். பார்க்க வேண்டியது செய்தியின் கடைசியில், பொடி எழுத்தில் வரும் அணிப் பட்டியல். அந்தக் கால ஆங்கில இதழ்களில் அதற்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் ஒற்றைப் பெயர், பிறகு அரைப்புள்ளி. அடுத்து ஃபுல்பேக் இருவர், அரைப்புள்ளி. ஹாஃப்பேக் மூவர், அரைப்புள்ளி. கடைசியில் பார்வர்டு ஐவர். முதல் அரைப்புள்ளிக்கு முன்னால் தனியாக நிற்கிற பெயர்தான் கோல்கீப்பர். கல்வெட்டிலும் இதே கதைதான்: அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முடிந்த பிறகுதான் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் யார் என்பது வரும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி கண்ணைக் கெடுக்கும் வேலை. சுருளில் நெடுக்குக் கீறல்கள் ஓடும். விளையாட்டுப் பக்கத்தில் கிண்டி குதிரைப் பந்தயம் ஒரு பத்தியை விழுங்கியிருக்கும். தங்கராஜின் 'த'வுக்கு ஒரு நாள் ஆங்கிலத்தில் எச் இருக்கும், மறுநாள் இருக்காது. பெயரைத் தட்டிக் கணினியில் தேடுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

மெல்போர்ன் ஒலிம்பிக் 1956 நவம்பர் 22 அன்று தொடங்கியது. அந்த வாரத்துச் சுருளைப் போட்டு, கால்பந்துக்காகக் கடைசிப் பக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போன எனக்கு முதல் பக்கத்திலேயே கை நின்றுவிட்டது. எங்கள் அரியலூர்! நவம்பர் 23 விடியற்காலை, பெருமழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் ரயில் விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு கொடுத்ததை ஏற்றுக்கொண்டார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வயதைக்கூட 'ரயில் கவுந்த வருஷம்' என்று சொல்லிக் கணக்குப் போடுவார்கள். அந்த நாட்களின் பத்திரிகையில் ஆஸ்திரேலியாவில் ஒரு சிப்பாய் பையன் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்த சேதிக்கு எங்கே இடம்?

காத்திருந்தார் என்பது வெறும் வர்ணனை இல்லை. இந்தியா முதல் சுற்றில் ஹங்கேரியோடு மோத வேண்டியிருந்தது. புடாபெஸ்ட் புரட்சி, அதன்மேல் சோவியத் டாங்கிகள். ஹங்கேரி கால்பந்து அணியை விலக்கிக்கொண்டது. அதனால் இந்தியா களமிறங்கியது டிசம்பர் 1 அன்றுதான். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல். பிறகு யூகோஸ்லாவியாவிடம் 1-4, பல்கேரியாவிடம் 0-3. நான்காம் இடம். இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் எட்டிய உச்சம் இன்றுவரை அதுதான். அணியில் இரண்டு கோல்கீப்பர்கள், தங்கராஜும் எஸ். எஸ். நாராயணனும். தங்கராஜுக்கு இருபத்தொன்று நிறைய இன்னும் சில நாள் இருந்தது.

1958 இதைவிடச் சிக்கல். 'அந்த ஆண்டு ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர்' என்ற பட்டம் தங்கராஜைப் பற்றி எழுதுகிற எல்லாரிடமும் இருக்கிறது. சரி என்று டோக்கியோ ஆசிய விளையாட்டின் ஸ்கோர்களை எடுத்துக் கூட்டினேன். பர்மாவோடு 3-2, இந்தோனேசியாவோடு 1-2, ஹாங்காங்கோடு 5-2, தென் கொரியாவோடு 1-3, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மறுபடி இந்தோனேசியாவோடு 1-4. ஐந்து ஆட்டத்தில் இந்தியா வாங்கிய கோல் 13. பதிமூன்று கோல் வாங்கிய அணியிலா சிறந்த கோல்கீப்பர்?

பட்டம் பொய் என்று முடிவு கட்ட இது போதாது. கோல்கீப்பரின் கணக்கில் எழுதப்படுவது உள்ளே போன பந்து மட்டும். வெளியே தள்ளியது எத்தனை என்று அன்று யாரும் குறிக்கவில்லை. பின்வரிசை பலவீனமான அணியின் கோல்கீப்பருக்குத்தான் வேலை அதிகம். பார்க்கிறவன் அவனைக் கவனிப்பதும் அப்போதுதான். பதிமூன்று என்ற எண் தங்கராஜுக்கு எதிரான சாட்சி ஆகாது. அந்தப் பட்டத்தையும் ஊர்வாய்ச் சொல்லாகவே என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாவலில் வரும் பழுவேட்டரையரை நம்பிக் கோயில் பார்க்க வருகிறவர்களிடம் கல்வெட்டுப் பழுவேட்டரையரைக் காட்டிக் காட்டி வந்த பழக்கம் இது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அந்தத் தயக்கம் தேவையில்லை. இறுதி ஆட்டம் செப்டம்பர் 4, செனாயன் அரங்கு, எதிரே தென் கொரியா. குழு ஆட்டத்தில் அதே கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றிருந்தது. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியாவின் ஜி. டி. சோந்தி கண்டித்ததால் அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். தங்கராஜுக்குக் காய்ச்சல், இறுதிக்கு முந்தைய ஆட்டங்களில் பிரத்யோத் பர்மன் கோலில் நின்றார். இறுதி நாளில் பயிற்சியாளர் ரஹீம் தங்கராஜைத் திரும்ப இறக்கினார். 17ஆவது நிமிடம் பி. கே. பானர்ஜி, 20ஆவது நிமிடம் தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங். அதற்குப் பிறகு 85ஆவது நிமிடம்வரை கொரியாவுக்குக் கோல் இல்லை. 2-1, தங்கம். ரஹீம் அடுத்த ஆண்டே புற்றுநோயால் இறந்துபோனார். பர்மனை எண்ணித்தான் எனக்கு மனம் சங்கடப்படுகிறது. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று தாண்டி அணி இறுதிக்கு வந்தது. தங்கத்தின் கதையைச் சொல்கிறவர்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்துப் பதிவுகளோடு ஒப்பிட்டால் எரிச்சல்தான் வருகிறது. சார்ல்டன் அணியின் சாம் பார்ட்ரம் 1937 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் மூடுபனிக்குள் கோலில் நின்றார். ஆட்டம் கைவிடப்பட்டது அவருக்குத் தெரியாது. கால் மணி நேரம் கழித்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் வெளியே போனார். நாட்டுக்காக அதிகாரபூர்வ ஆட்டம் ஒன்றுகூட ஆடாத அந்த மனிதருக்குக் கிளப் கணக்கில் 623 ஆட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆடாமல் நின்ற கால் மணி நேரத்துக்கும் தேதி இருக்கிறது.

காரணம் எளிது. அங்கே லீக் 1888இல் தொடங்கியது. ஒரே அமைப்பு, ஒரே கணக்குப் புத்தகம். நம் தேசிய லீக் தொடங்கியது 1996-97இல், அதாவது ஷில்டன் ஆயிரத்தைத் தொட்ட அதே பருவத்தில். தங்கராஜ் ஆடியது டெல்லியில் டூரண்ட், மும்பையில் ரோவர்ஸ், கொல்கத்தாவில் லீக்கும் ஷீல்டும், மாநிலங்களுக்கிடையே சந்தோஷ் கோப்பை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனி பீரோ. 1960இல் சர்வீசஸ் அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது தலைவர் அவர். பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளிலும் ஆடினார். ஒன்றில் ஆடியவரை இன்னொன்றின் ரசிகர் மன்னிக்காத ஊர் அது. மூன்றும் அவரை வாங்கிக்கொண்டன என்பதே, என் கணிப்பில், டோக்கியோ பட்டத்தைவிடப் பெரிய சான்று.

1967இல் அர்ஜுனா விருது. கால்பந்துக்கான விருதுப் பட்டியலை 1961இலிருந்து வரிசையாகப் படித்தேன்: பி. கே. பானர்ஜி, பலராம், சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங், அருண் கோஷ், யூசுஃப் கான். அதன் பிறகு தங்கராஜ். கோல்கீப்பருக்குக் கிடைத்த முதல் அர்ஜுனா. அடுத்த கோல்கீப்பர் பெயரைப் பார்க்க 1997 வரை, கோவாவின் பிரம்மானந்த் வரை, பட்டியலில் இறங்க வேண்டியிருந்தது. 1971இல் ஆட்டத்தை விட்டார். பொகாரோ உருக்காலையில் வேலை. 2008 நவம்பர் 24 அன்று பொகாரோவிலேயே காலமானார்.

அந்தப் பையனுக்கு எண் கொடுக்க வேண்டுமானால் நாளிதழ்கள் மட்டும் போதாது. டூரண்ட் ஆட்ட நிகழ்ச்சித் தாள்கள், ரெஜிமென்ட் மலர்கள், முகாம் மைதானத்தில் எடுத்த குழுப்படங்கள் வேண்டும். அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் மதராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகள் உண்டு. உங்கள் தாத்தாவின் இரும்புப் பெட்டியில் அப்படி ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்.