செம்மறி ஆடும் ஓட்டுச் சீட்டும்

இன்னைக்கு எபிசோட் ஆஸ்திரேலியாவைப் பத்தி. ஆனா கிரிக்கெட் இல்ல, ஆட்டுக் கப்பல்.

2003-ல 'கார்மோ எக்ஸ்பிரஸ்'னு ஒரு கப்பல், சுமார் 57,000 செம்மறி ஆடுகளோட ஆஸ்திரேலியாவில் இருந்து சவுதி அரேபியாவுக்குப் போகுது. ஆடுகளுக்கு நோய் இருக்குன்னு சொல்லி சவுதி இறக்க விடல. கப்பல் கிட்டத்தட்ட 80 நாள் கடல்லயே அலைஞ்சது. கடைசியில எரித்ரியா வாங்கிக்கிச்சு. அதுக்குள்ள 5,500-க்கும் மேல ஆடுகள் செத்துப்போச்சு. விசாரணை வந்தது, புது விதிமுறை வந்தது. கப்பல் நிக்கல.

2011-ல ஏபிசி டிவி, இந்தோனேசிய அறுப்புக் கூடங்கள்ல ஆஸ்திரேலிய மாடுகள் படுற பாட்டைக் காட்டுச்சு. நாடே கொதிச்சதும் அரசு அவசரமா ஏற்றுமதியை நிறுத்தியது. ஒரே மாசத்துல தடை நீங்கிடுச்சு. அந்தத் தடையே சட்டப்படி செல்லாதுன்னு 2020-ல நீதிமன்றம் சொல்லிடுச்சு.

2017-ல 'அவாசி எக்ஸ்பிரஸ்' கப்பல்ல, வளைகுடா வெயில் தாங்காம சுமார் 2,400 ஆடுகள் செத்தது. கப்பல்ல வேலை பார்த்த ஒரு இளைஞர் எடுத்த வீடியோ 2018-ல டிவியில வந்தது. ஆளுங்கட்சி எம்.பி. சூசன் லே, இந்த வியாபாரத்தைப் படிப்படியா நிறுத்த ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தாங்க. அரசுல பதவி கிடைச்சதும் மசோதா கிடப்புக்குப் போயிடுச்சு.

என் வேலையில ஒரு பக் இருக்குன்னு நூறு பேர் கத்தினாலும், அது ஒருத்தர் பேருக்கு அசைன் ஆகலைன்னா சரியாகாது. இங்கயும் அதே கதைதான். கோபம் இருந்தது, பொறுப்பேத்துக்க ஆள் இல்ல.

அந்த ஆளைக் கொண்டு வந்தது தேர்தல்தான். 2019-ல, ஆட்டுக் கப்பலை நிறுத்துவோம்னு லேபர் கட்சி வாக்குறுதி கொடுத்துச்சு, தோத்துச்சு. 2022-ல திரும்பவும் சொல்லி ஜெயிச்சது. 2024 ஜூலையில சட்டம் நிறைவேறுச்சு: 2028 மே 1 முதல் கடல் வழியா உயிரோட செம்மறி ஆடு ஏற்றுமதி கிடையாது.

எதிர்த்தவங்களை வில்லனாக்கிடக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலிய விவசாயிகளுக்கு இது பொழப்பு. பெர்த்ல லாரி ஊர்வலமே விட்டாங்க. 2011-ல மாதிரி ராத்திரியோட ராத்திரியா கதவைச் சாத்தாம, இந்த முறை நாலு வருஷ அவகாசமும், மாற்று ஏற்பாட்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல நிதியும் ஒதுக்கினாங்க. தேர்தல் வழியா வர்ற சட்டத்துல இந்தப் பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கு.

ஆனா, ஓட்டால வந்தது ஓட்டால போகவும் முடியும். 2025 தேர்தல்ல, இந்தச் சட்டத்தை ரத்து பண்ணுவோம்னு எதிரணி சொன்னாங்க. லேபர் ஜெயிச்சதால சட்டம் நின்னுச்சு. அடுத்த தேர்தலும் 2028-ஐ ஒட்டித்தான் வரும். இன்னொண்ணு, இந்தச் சட்டம் செம்மறிக்கு மட்டும். மாட்டுக் கப்பல்கள் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு.

அதனால, மெல்போர்ன்லயோ பெர்த்லயோ ஓட்டு இருக்கிற நம்மாளுங்க இதைக் கேட்டா, வேட்பாளர் வாசலுக்கு வரும்போது மூணே கேள்வி கேளுங்க. 2028 மே 1-ஐ மாத்த மாட்டீங்களே? மாட்டுக் கப்பலுக்கு என்ன திட்டம்? விவசாயிக்குச் சொன்ன பணம் போய்ச் சேர்ந்துச்சா? பதிலை எழுதி வெச்சுக்கோங்க. வீடியோ பார்த்து வந்த கோபம் ஒரு வாரம்தான் நிக்கும். வேட்பாளர் வாயால சொன்னதை அடுத்த தேர்தல் வரைக்கும் கேட்கலாம்.