காது கொடுத்தவர்

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில், செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தேன். சிற்பங்களைப் பார்க்கப் போனவன், மணலில் கிடந்த படகோரமாக உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு கிழவர் சின்ன ரேடியோவைக் காதோடு அணைத்து வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கடல்ல இறங்க வேணாம்னு சொல்லிட்டாங்க, ஐயா" என்றவர், "இந்தப் பெட்டியை உண்டாக்கின மகராசன் யாருங்க?" என்று கேட்டார்.

"மார்க்கோனி" என்றேன். பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட பாடம். சொன்ன பிறகு மனசு உறுத்தியது.

ரேடியோ அலைகள் இருப்பதை 1888-ல் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் நிரூபித்துவிட்டார். அலையை எழுப்பலாம், ஆனால் அதைக் கேட்பதற்குச் சரியான காது இல்லை. இரும்புத் தூள் அடைத்த குழாய்தான் அன்றைய கருவி. ஒவ்வொரு சமிக்ஞை வந்த பிறகும் அதைத் தட்டிவிட வேண்டும்.

கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் இந்தக் குறையைத்தான் கையில் எடுத்துக்கொண்டார். 1895-ல் அந்நகரத்து டவுன் ஹாலில், சுவர்களைத் தாண்டி 75 அடி தூரத்திலிருந்த மணியைக் கம்பியில்லாமலே ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். தட்டாமலே தானாகச் சீராகும் பாதரசக் கருவி ஒன்றைப் பற்றி 1899-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடல் தாண்டி வந்த சமிக்ஞையைக் கேட்டதும் பாதரசக் கருவி ஒன்றின் துணையால்தான். அதன் மூலம் போஸுடையதே என்று 1998-ல் ஓர் ஆராய்ச்சியாளர் வாதாடினார்.

மார்க்கோனியின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. கடல் தாண்டிச் செய்தி அனுப்பும் தொழிலை வளர்த்தவர் அவர். போஸ் அந்த வழிக்கே போகவில்லை. கலீனா என்ற ஈயத் தாதுவால் அலையை உணரும் கருவிக்கு, நண்பர்கள் வற்புறுத்தியதால் 1901-ல் அமெரிக்காவில் காப்புரிமை கேட்டார். 1904-ல் கிடைத்தது. அதைக் காசாக்காமல் காலாவதியாக விட்டுவிட்டார். பிற்காலத்தில் மின்சாரமே இல்லாமல் பாடிய கிரிஸ்டல் ரேடியோக்களுக்கு உயிர் அந்தக் கலீனாக் கல்தான்.

இவ்வளவையும் கிழவரிடம் எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன்.

"காசு வாங்கலையா?" என்று வியந்தார். பிறகு ரேடியோவை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். விடிகாலையில் கடலுக்குப் போக மகன் வலையை எடுத்து வைத்திருக்கிறானாம். போய்த் தடுக்க வேண்டுமாம்.