கிரீன் கார்டு வரிசை: ஏழு சதவீதத்தின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். சமூக அறிவியல் நடத்திய பழக்கம், ஆண்டுகளைச் சொல்லாமல் எனக்குப் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் ஊரில் நாம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சே, இன்னும் கிரீன் கார்டு வரலையா?" கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பு. கேட்கப்படுபவருக்கு, 'நீ ஏதோ குறை வைத்திருக்கிறாய்' என்பது போலக் காதில் விழுகிறது. என் பழைய மாணவர்கள் சிலர் இதை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. அது ஒரு சட்டத்தின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம்.

ஒரு காலத்தில் இந்தியர்களுக்கு அங்கே வரிசையே கிடையாது, கதவே மூடியிருந்தது. 1917 சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியை ஒரு கோடு போட்டுத் தடுத்தது. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியான 'வெள்ளையர்' அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல்தான் கதவு சிறிது திறந்தது. இந்தியாவுக்கு ஆண்டுக்கு எத்தனை இடம் தெரியுமா? 100. ஆயிரம்கூட இல்லை, வெறும் நூறு.

1965-இல் அதிபர் ஜான்சன், சுதந்திர தேவி சிலையின் அடியில் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பிறந்த நாட்டைப் பார்த்துப் பாகுபாடு செய்யும் பழைய ஒதுக்கீடு ஒழிந்தது. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா உள்ளிட்ட கிழக்கு அரைக்கோளத்தில் எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 20,000 வரை என்று ஒரே உச்சவரம்பு வைத்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் மனு கொடுத்த வரிசைப்படி விசா தர வேண்டும் என்றும் எழுதினார்கள். 'முந்தி வந்தவருக்கு முந்தி' என்ற அந்த விதியில்தான் இன்றைய 'பிரயாரிட்டி டேட்' நிற்கிறது. நம் ஊர் மருத்துவர்களும் பொறியாளர்களும் அங்கே பெருவாரியாகப் போகத் தொடங்கியது இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான்.

அடுத்தது 1990. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு என்று நிர்ணயித்தார்கள். எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது விதி. 1,40,000-இல் 7 சதவீதம் 9,800. மனைவி, கணவன், பிள்ளைகளும் இந்தக் கணக்கிலேயே சேருவார்கள். அதனால் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு இடம் போகும். மற்ற நாட்டினர் பயன்படுத்தாத இடம் மிஞ்சினால் நீண்ட வரிசையில் நிற்பவர்களுக்கு வரும். ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு மாறும், நம்பி இருக்க முடியாது.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வீடு உள்ள தெருவுக்கும் ஐயாயிரம் வீடு உள்ள ஊருக்கும் மாதம் பத்து மூட்டைதான் என்றால்? பார்வைக்குச் சமம். வரிசையில் நிற்பவனுக்குச் சமம் இல்லை. பாகுபாட்டை ஒழிக்க வைத்த விதி, இந்தியாவிலும் சீனாவிலும் பிறந்தவர்களுக்கு நீண்ட காத்திருப்பாக முடிந்தது இப்படித்தான்.

பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. ஒரே அலுவலகத்தில் ஒரே வேலை செய்யும் இரண்டு தமிழர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இன்னொருவர் தஞ்சாவூரில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 'மற்ற நாடுகள்' வரிசையில் நின்று சீக்கிரம் முடித்துவிடுவார். இரண்டாமவர் இந்திய வரிசையில் நிற்பார்.

வரிசையில் இடம் பிடிக்கும் முறை இது. பெரும்பாலும் நிறுவனம் முதலில் அந்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் விண்ணப்பிக்கும். அது பதிவான நாள்தான் ஊழியரின் பிரயாரிட்டி டேட். வெளியுறவுத் துறை மாதந்தோறும் 'விசா புல்லட்டின்' வெளியிடும். அதில் உள்ள தேதிக்கு முந்தைய தேதி உங்களுடையது என்றால் உங்கள் முறை வந்துவிட்டது. 2025 ஜூலை புல்லட்டினில் இந்தியாவுக்கான இ.பி.-2 தேதி 2013 ஜனவரி 1. பன்னிரண்டரை ஆண்டுக்கு முன்னால் வரிசையில் நின்றவரின் முறை அப்போதுதான் வருகிறது.

தேதி முன்னே மட்டும் போவதில்லை. 2012 ஏப்ரலில் இதே பிரிவு 2010 மே மாதத்தில் இருந்தது. அடுத்த மாதமே 2007 ஆகஸ்டுக்குப் பின்வாங்கியது. 2007-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. ஜூலையில் ஏறக்குறைய எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். மருத்துவச் சோதனை, வக்கீல் என்று ஓடி முடித்தவர்களிடம் ஜூலை 2-ஆம் தேதி 'இடம் இல்லை' என்றார்கள். நம்மவர்கள் கல் எறியவில்லை. குடியேற்றத் துறை இயக்குநரின் அலுவலகத்துக்குப் பூங்கொத்துகளை அனுப்பினார்கள். காந்தி வழி! ஜூலை 17-இல் அரசு இறங்கி வந்து விண்ணப்பங்களை ஏற்றுக்கொண்டது.

இந்தக் காத்திருப்பின் விலை என்ன? 2000-இல் வந்த சட்டத்தால், வரிசையில் நிற்பவர்கள் ஆறு ஆண்டு தாண்டியும் எச்-1பி விசாவை நீட்டிக்கலாம். ஆனால் வேலை போனால் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். ஊருக்கு வந்தால், முத்திரை காலாவதியாகியிருந்தால், தூதரகத்தில் மறுபடி விசா வாங்கித்தான் திரும்ப வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதுகூட இந்தக் கணக்கைப் போட்ட பிறகே டிக்கெட் போடுகிறார்கள். பிள்ளைகள் நிலைமை இன்னும் கொடுமை. கைக்குழந்தையாகப் போன பிள்ளைக்கு 21 வயது முடிந்தால் பெற்றோரின் வரிசையிலிருந்து வெளியே. 2002 சட்டம் மனு பரிசீலனையில் கழிந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கும், வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிக்காது.

மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019-இல் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் வேறு வடிவில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் சபையின் காலம் முடிந்தது. மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால் பிலிப்பைன்ஸ் நர்ஸ் போன்றவர்கள் பல ஆண்டு காத்திருக்க வேண்டிவரும் என்று எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. மூட்டையைக் கூட்டாமல் வரிசையை மட்டும் மாற்றினால் பசி இடம் மாறும், தீராது.

மாணவர்களே, மனு ஏற்கப்பட்ட ஐ-140 கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வேலை மாறினாலும் பழைய பிரயாரிட்டி டேட் பெரும்பாலும் கூடவே வரும். பிள்ளைக்குப் பதினைந்து வயது ஆனதுமே நல்ல வக்கீலைப் பாருங்கள்.

உறவுகளே, அடுத்த முறை போனில் பேசும்போது கிரீன் கார்டைப் பற்றிக் கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, பிள்ளைங்க எப்படிப் படிக்கிறாங்க?" என்று கேளுங்கள். வரிசை நகர்ந்தால் அவர்களே முதலில் நமக்குத்தான் சொல்வார்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்