பிள்ளைகளின் வரைபடத்தில் பஞ்சமி நிலம் எங்கே?

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இந்தியாவை அறிமுகம் செய்ய ஒரு பட்டுப்புடவை போதும். நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது, தறி நம் ஊரில் இருக்கிறது. மாலை வகுப்பில் நாங்கள் இதைச் சொன்னதும் வரைபடத்தில் கோடுகள் ஓடுகின்றன. ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் கோயில்களையும் குறித்துவிடுகிறார்கள்.

"இப்போது உங்கள் தெருவைக் குறியுங்கள்" என்றால் சேரிப் பிள்ளைகளின் பென்சில் நின்றுவிடுகிறது. வரலாறு என்பது ஊருக்குத்தான், சேரிக்கு இல்லை என்று அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கிவிட்டார்கள்.

உண்மை வேறு. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1891இல் அங்கு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலத்தில் உழைப்பவர்களுக்கு நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்றலாம் என்பதை அது பதிவு செய்தது. அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலம் கைமாறியது. அதை மீட்கக் காரணை கிராம மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர்.

1997இல் காஞ்சிபுரம் தனி மாவட்டமானது. 2019இல் அதிலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. தேர்வுக்காக இந்த ஆண்டுகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். மாவட்ட எல்லை எத்தனை முறை மாறினாலும் சேரியின் எல்லை மட்டும் ஏன் மாறவில்லை என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

அதை நாம் கேட்கவேண்டும் தோழர்களே. மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் நாட்டின் வரைபடத்தோடு கிராம வரைபடத்தையும் விரியுங்கள். "டி.சி. நிலம்" என்று பெரியவர்கள் சொல்லும் இடம் எது என்று பிள்ளைகளையே விசாரித்துவரச் சொல்லுங்கள். கிராமக் கணக்கில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்கள் கேளுங்கள். விடை வந்ததும் அந்த இடத்துக்குப் பிள்ளைகளே வண்ணம் தீட்டட்டும்.

தன் நிலம் எதுவென்று தெரிந்த பிள்ளைக்குத்தான் நாடும் தன்னுடையதாகும்.